வில்லி லோமனின் சாவு தியாகமன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் சென்ற ஞாயிறு இணைப்பில் அமெரிக்க நாடகங்களைப் பற்றி வெளிவந்த கட்டுரையை இருமுறை படித்தேன். ஆர்தர் மில்லரின் 'ஒரு விற்பனையாளரின் மரணம்' நாடகத்துக்கு அதில் தாராளமாக இடம் தந்திருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அதன் நாயகன் வில்லி லோமனை 'அமெரிக்கக் கனவு பலிகொண்ட தியாகி' என்றும், தன் உயிரைக் கொடுத்துக் காப்பீட்டுத் தொகையால் 'குடும்பத்தைக் கடனிலிருந்து மீட்டவர்' என்றும் கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. முதற்கூற்று பாதி உண்மை. இரண்டாவது கூற்று நாடகத்தில் எங்குமே இல்லாதது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கும்பகோணத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் ஆயுள் காப்பீட்டு முகவராக அலைந்து, கமிஷனை நம்பிக் குடும்பம் நடத்தியவன் நான். கல்லூரியில் பாடமாகப் படித்த இந்த நாடகத்தை ஓய்வுக்குப் பின் மீண்டும் பலமுறை படித்திருக்கிறேன். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

நாடகத்தை அறியாத வாசகர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வில்லிக்கு வயது 63. நியூயார்க் நகரின் புருக்ளின் பகுதியில் தவணைக் கடனில் வாங்கிய வீடு. சரக்கு மாதிரிகள் நிறைந்த இரண்டு பெரிய பெட்டிகளோடு நியூ இங்கிலாந்துப் பகுதியின் ஊர்களுக்குக் காரோட்டிச் சென்று கடைகளில் ஆர்டர் பிடிப்பது அவர் தொழில். அந்தப் பெட்டிகளில் இருந்த சரக்கு என்ன என்பதை மில்லர் கடைசிவரை சொல்வதே இல்லை. முப்பதாண்டுகளுக்கு மேல் உழைத்த நிறுவனம் அவருடைய சம்பளத்தை நிறுத்திவிட்டு, ஐந்து வாரங்களாகக் கமிஷனில் மட்டும் ஓடவிட்டிருக்கிறது. வண்டி தானாகச் சாலையை விட்டு ஒதுங்குவதைக் கண்டு பயந்துபோய், ஒரு திங்கட்கிழமை இரவில் அவர் பாதி வழியில் வீடு திரும்புவதில் நாடகம் தொடங்குகிறது. மறுநாள், வெளியூர்ப் பயணம் வேண்டாம், நகரத்திலேயே ஒரு வேலை கொடுங்கள் என்று கேட்கப்போன இடத்தில் உள்ள வேலையும் போகிறது. அன்று மாலை உணவகத்துக்கு அழைத்துச் சென்ற மகன்கள் இருவரும் அவரை அங்கேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். அன்றிரவு அவர் காரை எடுத்துக்கொண்டு போனவர், உயிரோடு திரும்புவதில்லை.

இந்த நாடகத்தை முதுமையில் கைவிடப்பட்ட ஒரு தொழிலாளியின் கதையாகப் படித்தால் கண்ணீர் வரும்; அதில் தவறு ஒன்றுமில்லை. நகரத்தில் வேலை கேட்கப்போகும் வில்லி வாரத்துக்கு 65 டாலர் என்று தொடங்கி, 50 என்று இறங்கி, கடைசியில் 40 போதும் என்று கெஞ்சுகிறார். தன் வயதில் ஏறக்குறைய பாதியே ஆன ஹோவர்டு என்ற அந்த முதலாளிக்கோ அப்போதுதான் வாங்கிய ஒலிப்பதிவுக் கருவியில் தன் பிள்ளைகளின் குரலைப் போட்டுக் காட்டுவதில்தான் ஆர்வம். பழத்தைத் தின்றுவிட்டுத் தோலை எறிவதுபோல மனிதனை எறிய முடியாது என்று வில்லி கத்துவது இந்தக் காட்சியில்தான். நியூயார்க்கில் 1949 பிப்ரவரி 10 அன்று அரங்கேறுவதற்கு முன் ஃபிலடெல்ஃபியாவில் வெள்ளோட்டமாக இந்நாடகம் நடிக்கப்பட்டபோது, அதைப் பார்த்த பல்பொருள் அங்காடி அதிபர் பெர்னார்ட் கிம்பெல், வயதாகிவிட்டது என்பதற்காகத் தன் கடைகளில் எவரையும் வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று அன்றிரவே உத்தரவிட்டதாக மில்லர் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஆகவே சமூகத்தின் குற்றம் என்ற பக்கத்தை நான் மறுக்கவில்லை.

ஆனால் இதே நாடகத்தில் சார்லி என்றொரு மனிதர் இருக்கிறார். கட்டுரையில் அவர் பெயர் ஓரிடத்திலும் வரவில்லை என்பதே எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. வில்லியின் அடுத்த வீட்டுக்காரர். அவரும் வியாபாரிதான், அதே நகரத்தில், அதே பணச் சந்தையில் பிழைப்பவர்தான். வில்லிக்குச் சம்பளம் நின்ற நாள் முதல் வாரந்தோறும் 50 டாலர் கொடுத்து வருகிறார்; அதைத்தான் வில்லி தன் வருமானம் என்று வீட்டில் காட்டுகிறார். அது மட்டுமல்ல, வெளியூர் அலைச்சலே இல்லாத, வாரம் 50 டாலர் சம்பளமுள்ள ஒரு வேலையைத் தருகிறேன் என்று அவர் வலியக் கேட்கிறார். ஒரு மணி நேரத்துக்கு முன் 40 டாலருக்குக் கெஞ்சிய மனிதர் இந்த வேலையை மறுத்துவிடுகிறார். ஏன் என்று கேட்டால் அவரிடம் பதிலில்லை. உன்னிடம் வேலை செய்ய முடியாது, அவ்வளவுதான் என்கிறார். இந்த நாடகத்தில் மிகவும் கண்ணியமான மனிதரே ஒரு முதலாளிதான் என்று மில்லர் பின்னாளில் சுட்டிக்காட்டியதும் இந்தச் சார்லியை மனத்தில் கொண்டுதான். வில்லியைக் கொன்றது அமைப்பு மட்டுமே என்றால், அதே அமைப்பின் உள்ளிருந்து நீண்ட கையை அவர் தட்டிவிட்டதற்கு என்ன விளக்கம் சொல்வது? அந்த வேலையை ஏற்றால் அடுத்த வீட்டுக்காரனைவிடத் தான் தாழ்ந்தவன் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அந்த ஒரு வாக்கியத்தைத் தனக்குள் சொல்லிக்கொள்வதைவிடச் சாவது அவருக்கு எளிதாகத் தோன்றியிருக்கிறது.

என் தொழிலின் கண்ணோடு பார்க்கும்போது எனக்குத் தாங்க முடியாத இடம் ஒன்று இதே காட்சியில் உண்டு. அன்று காலையில் வில்லி புறப்படும்போது, காப்பீட்டுத் தவணை 108 டாலர் 68 சென்ட் கட்ட வேண்டும், கெடு தாண்டிச் சலுகைக் காலம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று மனைவி லிண்டா நினைவூட்டுகிறார். சலுகைக் காலம் என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும் என்னைப் போன்ற முகவர்களுக்கு அடிவயிறு கலங்கும். அதற்குள் கட்டாவிட்டால் பாலிசி காலாவதியாகிவிடும். வேலையை இழந்து சார்லியின் அலுவலகத்துக்கு வரும் வில்லி, வழக்கமான 50 டாலருக்குப் பதிலாக, இன்ஷூரன்ஸ் கட்ட வேண்டும், 110 டாலர் வேண்டும் என்று கேட்கிறார். சார்லி எண்ணிக் கொடுக்கிறார். இத்தனை சாலைகளிலும் ரயில்களிலும் அலைந்து முடித்தபின் மனிதன் உயிரோடிருப்பதைவிடச் செத்தால்தான் அதிக மதிப்புப் பெறுகிறான் என்று வில்லி சொல்வதும் அங்கேதான். செத்தவனுக்கு ஒரு மதிப்பும் கிடையாது என்று சார்லி உடனே மறுப்பதும் அங்கேதான். வாழ்வதற்கு நண்பன் தந்த வேலையை மறுத்து, சாவை விலைபேச நண்பனின் பணத்தை வாங்கிப்போகிறார் வில்லி. இந்த இடத்தைக் கடந்துவிட்டு அவரைத் தியாகி என்று எழுத எனக்குக் கை வராது.

அவருடைய அழிவு அந்த ஓரிரவில் நடந்ததும் அன்று. முதல் அங்கத்தில் ஒரு சிறிய கணக்குக் காட்சி வருகிறது. நல்ல நாட்களின் நினைவு அது. ஊரிலிருந்து திரும்பிய வில்லி, பிராவிடென்ஸில் 500, பாஸ்டனில் 700 என்று விற்பனையை அளக்கிறார். லிண்டா பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டு, கமிஷன் 212 டாலர் என்று மகிழ்கிறார். உடனே வில்லியின் சுருதி இறங்குகிறது. கடைசியில் மொத்தப் பயணத்துக்கும் விற்றது 200 அளவில்தான், கமிஷன் 70 டாலரும் சில்லறையும் என்று தெரிகிறது. அதே மூச்சில் குளிர்பதனப் பெட்டிக்கு இவ்வளவு, துணி துவைக்கும் இயந்திரத்துக்கு இவ்வளவு, கூரை பழுதுபார்த்ததற்கு இவ்வளவு என்று பட்டியல் நீள்கிறது. கமிஷனில் வாழ்ந்தவர்களுக்கு இந்தக் காட்சி நன்கு விளங்கும். மாதக் கடைசியில் வீட்டில் ஒரு தொகையைச் சொல்லி, பிறகு அதை மெல்ல மெல்லக் குறைத்த மாலைகள் எனக்கும் இருந்திருக்கின்றன. ஆனால் வில்லி அந்தப் பொய்யை வீட்டாரிடம் மட்டும் சொல்லவில்லை. தன்னிடமே சொல்லி, தன் மகன்களையும் அதிலேயே வளர்த்தார். கணக்குப் பாடத்தில் தோற்றாலும், திருடினாலும், எல்லோருக்கும் பிடித்தமானவனாக இருந்தால் போதும், உலகம் தானே கதவைத் திறக்கும் என்பது அவர் பிள்ளைகளுக்குத் தந்த பாடம். பாஸ்டன் விடுதியில் வேறொரு பெண்ணோடு தந்தை இருப்பதைக் கண்ட நாளில் மூத்த மகன் பிஃப்பின் வாழ்க்கை முறிந்துபோவதற்குக் காரணமும் அதுவே. அந்தப் பாடத்தைத் தவிர அவனிடம் பற்றிக்கொள்ள வேறெதுவும் இல்லை.

'அமெரிக்கக் கனவு' என்ற தொடரையும் கட்டுரையாளர் பணக்காரராகும் ஆசை என்ற பொருளிலேயே கையாண்டிருக்கிறார். அந்தத் தொடரைப் பரவலாக்கிய வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் ட்ரஸ்லோ ஆடம்ஸ், 1931இல், பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவில் எழுதும்போதே, அது வெறும் மோட்டார் காருக்கும் உயர்ந்த சம்பளத்துக்குமான கனவன்று, ஒவ்வோர் ஆணும் பெண்ணும் தம்மிடம் இயல்பாக உள்ள ஆற்றலின் முழு உயரத்தை எட்டக்கூடிய ஒரு சமூகத்துக்கான கனவு என்றுதான் விளக்கினார். இந்த விளக்கத்தை வைத்துப் பார்த்தால் வில்லியின் சோகம் வேறு உருவம் கொள்கிறது. அவருடைய இயல்பான ஆற்றல் விற்பனையில் இல்லை, கைவேலையில் இருந்தது. வீட்டின் முன்படியைத் தானே கட்டினார், கார்க் கொட்டகையைத் தானே கட்டினார், வரவேற்பறையின் உட்கூரையைத் தானே அமைத்தார். கொஞ்சம் சிமென்ட் கையில் கிடைத்தால் போதும், மகிழ்ச்சியாக இருப்பார் என்று சார்லி கல்லறையருகே நினைவுகூர்கிறார். அவர் விற்ற விற்பனைகள் அனைத்தையும்விட அந்த முன்படியில்தான் அவர் அதிகமாக இருக்கிறார் என்கிறான் பிஃப். ஆனால் நாமெல்லாம் தச்சர்களாக இருந்திருக்க வேண்டியவர்கள் என்று அதே பிஃப் ஒருமுறை சொன்னபோது வில்லிக்குக் கோபம் வருகிறது. உன் தாத்தாகூடத் தச்சனைவிட மேலானவர் என்கிறார். அந்தத் தாத்தாவோ புல்லாங்குழல்களைத் தன் கையாலேயே செய்து, குதிரை வண்டியில் ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்றவர்! தன் தந்தையின் கையில் இருந்த உளியை மறந்துவிட்டு, 84 வயதிலும் விடுதி அறையில் பச்சை வெல்வெட் செருப்பணிந்து தொலைபேசியிலேயே சரக்கு விற்ற டேவ் சிங்கிள்மன் என்ற கிழவரையும், காட்டுக்குள் நுழைந்து நான்கே ஆண்டுகளில் செல்வந்தனாக வெளிவந்ததாகச் சொல்லிக்கொள்ளும் அண்ணன் பென்னையும் வில்லி முன்மாதிரிகளாக வரித்துக்கொண்டார்.

இதை எழுதும்போது ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. மில்லர் இந்த நாடகத்தை எழுத அமர்ந்த சிறிய மர அறை, 1948 வசந்த காலத்தில் கனெக்டிகட் மாநிலத்தின் ராக்ஸ்பரியில் அவரே தன் கையால் கட்டியது. முதல் அங்கத்தை ஒரு பகலும் இரவுமாக அங்கே எழுதி முடித்தார். பலகை அறுத்து ஆணியடித்த அந்தக் கைகளின் மகிழ்ச்சிதான், வில்லியிடம் இருந்து அவரே மதிக்காமல் போன மகிழ்ச்சியாக நாடகத்துக்குள் நுழைந்ததென்று எண்ணிக்கொள்வது எனக்கு நிறைவளிக்கிறது.

இனிக் கடைசி இரவுக்கு வருகிறேன். கட்டுரையாளர் தியாகம் என்று கண்டது இங்கேதான். இருளில், கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு, சுற்றிலும் எழும்பிய அடுக்ககங்களால் வெயிலே விழாத தோட்டத்தில் வில்லி விதை ஊன்றுகிறார். ஊன்றிக்கொண்டே ஏற்கெனவே இறந்துபோன அண்ணன் பென்னோடு கற்பனையில் பேரம் பேசுகிறார். தொகை 20,000 டாலர். கம்பெனி பணம் தர மறுக்கலாமே என்று பென் சந்தேகம் எழுப்பும்போது, எப்படி மறுப்பார்கள், ஒரு தவணை தவறாமல் கட்டக் கூலியைப் போல உழைத்தேனே என்கிறார் வில்லி. ஆங்கிலத்தில் அவர் வாயில் வரும் சொல்லும் 'கூலி' என்பதே. கடல்கடந்த அச்சொல்லின் வேர் நம் தமிழ்ச் சொல்லே என்று கருதுவோர் பலர். முதன்முறை படித்தபோது அந்த வரியில் நான் வெகுநேரம் நின்றுவிட்டேன். தன் சாவுக்கு மேய்ன், மாசசூசெட்ஸ், வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர் ஆகிய ஊர்ப்பக்கங்களிலிருந்தெல்லாம் ஆட்கள் திரள்வார்கள், அப்போது மகன் தன் தகப்பன் யாரென்று அறிவான் என்றும் அவர் கற்பனை செய்கிறார்.

பிஃப் அப்போது வெளியே வருகிறான். அவனுக்குப் பணம் வேண்டாம். அன்று காலையில் பழைய முதலாளி ஒருவரிடம் கடன் கேட்கப்போய், அவர் தன்னை அடையாளம்கூடக் காணாததால், மேசையிலிருந்த பேனாவைத் திருடிக்கொண்டு பதினொரு மாடி இறங்கி ஓடிவந்தவன் அவன். அவர் பார்த்த ஒரு பார்வையிலேயே, தான் அங்கே ஒருநாளும் விற்பனையாளனாக இருந்ததில்லை, சரக்கனுப்பும் எழுத்தராக மட்டுமே இருந்தோம் என்ற உண்மை அவனுக்கு உறைத்துவிட்டது. நான் சாதாரணமானவன், நீங்களும் சாதாரணமானவர்தான், அந்தப் பொய்க் கனவை எடுத்து எரித்துவிடுங்கள், என்னைப் போகவிடுங்கள் என்று தந்தையிடம் கதறி, அவரைப் பற்றிக்கொண்டு அழுகிறான். வாழ்நாளெல்லாம் வில்லி தேடிய அன்பு அந்த நொடியில் விலையின்றி அவர் மடியில் விழுகிறது. அவரும் அதை உணர்கிறார்; பிஃப்புக்கு என்னைப் பிடித்திருக்கிறது, அழுதானே என்று வியக்கிறார். அந்த வியப்பு அடங்குவதற்குள், அவன் பையில் 20,000 டாலர் இருந்தால் எவ்வளவு பெரிய ஆளாவான், தபால் வந்து சேர்ந்ததும் அடுத்த வீட்டு பெர்னார்டை மறுபடியும் முந்திவிடுவானே என்று சொல்லிவிடுகிறார். மகன் எதை எரிக்கச் சொன்னானோ அதற்காகவே தந்தை சாகிறார். கேட்டவனுக்குக் கேட்டதைத் தருவதைத் தியாகம் என்று சொல்லலாம். வேண்டாம் என்று அழுதவன் தலையில் அதையே சுமத்திவிட்டுப் போவதற்கு அந்தப் பெயர் பொருந்துமா என்று கட்டுரையாளர் எண்ணிப்பார்க்க வேண்டுகிறேன்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் என் வாடிக்கையாளர் ஒருவர், கடை நொடித்துப்போயிருந்தவர், ஒரு மாலையில் என் வீட்டுத் திண்ணையில் வந்தமர்ந்து, "சார், பாலிசி நடப்புலதானே இருக்கு? எனக்கு ஏதாவது ஆச்சுன்னா வீட்டுக்கு எவ்வளவு வரும்?" என்று இரண்டு முறை கேட்டார். இரண்டாம் முறை அவர் கேட்ட விதம் சரியாக இல்லை. தொகையைச் சொல்லாமல் அவரை உள்ளே அழைத்துச் சாப்பிட வைத்து, அவருடைய மைத்துனருக்கு ஆளனுப்பி, அவர் வரும்வரை பேசிக்கொண்டிருந்தேன். அந்தக் கடன் தீர ஏழெட்டு ஆண்டுகள் ஆயின. மகள் திருமணத்துக்கு எனக்குப் பத்திரிகை வைக்க அவரே வந்தார். இழப்பீட்டுக் காசோலையை நேரில் கொண்டுபோய்க் கொடுத்த வீடுகளும் எனக்குத் தெரியும். பணம் வந்துவிட்டது, இனிக் கவலையில்லை என்று நாமினி நிம்மதியோடு அதை வாங்கிய ஒரு வீட்டைக்கூட நான் பார்த்ததில்லை.

அந்தத் தபால் வந்தே சேர்ந்த ஒரு வீட்டையும் அமெரிக்க மேடை காட்டியிருக்கிறது. மில்லருக்குப் பத்தாண்டுகள் கழித்து, 1959இல், லொரெய்ன் ஹான்ஸ்பெர்ரி எழுதி பிராட்வேயில் அரங்கேறிய நாடகத்தில், சிகாகோவின் கறுப்பினக் குடும்பம் ஒன்றுக்கு, ஓடாய்த் தேய்ந்து இறந்த தகப்பனின் காப்பீட்டுத் தொகையாக 10,000 டாலர் வருகிறது. மகன் வால்டர் அதில் பெரும்பகுதியை மதுக்கடைத் தொழிலில் போடுவதாக நண்பன் ஒருவனை நம்பிக் கொடுத்து ஏமாந்துபோகிறான். அந்தக் குடும்பத்தை நிமிர்த்துவது பணமன்று. வெள்ளையர் குடியிருப்புக்குள் வராமலிருக்கத் தருகிறோம் என்று நீட்டப்பட்ட தொகையை அதே வால்டர் கடைசியில் மறுப்பது. கட்டுரையில் இவ்விரு நாடகங்களையும் அருகருகே வைத்திருந்தால் வாசகர்களுக்கு மிகப் பயனுள்ளதாக இருந்திருக்கும்.

இறுதியாக, ஒரு திருத்தம் கோருகிறேன். வில்லியின் காப்பீட்டுத் தொகை குடும்பத்தை வந்தடைந்ததாக நாடகத்தில் ஒரு வரியும் இல்லை. கடந்த ஓராண்டில் நடந்த கார் விபத்துகள் விபத்துகளே அல்ல, அதற்குச் சான்று உண்டு என்று காப்பீட்டு ஆய்வாளர் வந்து சொன்னதை லிண்டாவே முதல் அங்கத்தில் மகன்களிடம் கூறுகிறார். அந்தப் பாலிசி எந்த ஆண்டு எடுக்கப்பட்டது, தற்கொலை பற்றி அதில் என்ன விதி இருந்தது என்றெல்லாம் நாடகம் பேசாததால், என் தொழிலறிவைக் கொண்டும் கம்பெனி பணம் தந்திருக்கும் என்றோ தந்திருக்காது என்றோ தீர்ப்புச் சொல்ல இயலாது. நாடகம் காட்டுவது ஒரு கல்லறையையும் ஐந்து பேரையும்தான்: மனைவி, மகன்கள் இருவர், சார்லி, அவர் மகன் பெர்னார்டு. நான்கு மாநிலங்களிலிருந்து வருவார்கள் என்று வில்லி எண்ணியவர்களில் ஒருவர்கூட வரவில்லை. மற்றவர்களைச் சற்று விலகி நிற்கச் சொல்லிவிட்டு, எனக்கு அழுகை வரவில்லையே வில்லி, ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று லிண்டா அந்த மண்ணிடம் கேட்கிறார். வீட்டுக் கடனின் கடைசித் தவணையை இன்றுதான் கட்டினேன், ஆனால் வீட்டில் இருக்க ஆளில்லை என்கிறார். பிஃப்புக்கு ஒன்பது வயதாக இருந்தபோது வாங்கிய அந்த வீட்டின் கடன், வில்லி உயிரோடிருந்து 25 ஆண்டுகள் கட்டிய தவணைகளால் தீர்ந்த கடன். 'காப்பீட்டுத் தொகையால் குடும்பத்தைக் கடனிலிருந்து மீட்டவர்' என்ற வரியை நீக்கி, இந்த விவரத்தை அடுத்த ஞாயிறு இணைப்பில் வெளியிட வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற ஆயுள் காப்பீட்டு முகவர்,
கும்பகோணம்.